காக்கா ஏழுக்குச் சொன்ன சொல்

நிச்சயதார்த்தத்தன்று திருத்தணியில் வேதாசலம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர்: வேதாசலம், மனைவி சந்திரா, மகள் தீபா, சந்திராவின் தம்பி பள்ளிப்பட்டு கங்காதரன், மாப்பிள்ளை முரளிதரன், அம்மையார்குப்பத்திலிருந்து அவனோடு வந்த தாய் கௌரியம்மாள்.

தட்டு மாற்ற அரைமணி இருந்தது. மாப்பிள்ளையும் கம்ப்யூட்டரில் போர் விமானம் ஓட்டுகிறவன் என்று தெரிந்ததும் கங்காதரனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“பாவா, அந்தக் காக்காவ வெளுத்து வாங்கினீங்களே, அத்தப் போடுங்க. மாப்ளையும் பாக்கட்டும்,” என்றான் அக்காள் கணவரிடம்.

வேதாசலத்துக்கும் ஆசைதான். பன்னிரண்டு வருடமாக இணையத்தில் விமானச் சண்டை ஆடுகிறவர், குழுவில் மூத்தவர். எதிரியோடு வளைந்து வளைந்து கடைசிவரை மோதுவதுதான் மானமுள்ள ஆட்டம் என்பது அவர் கட்சி. மேலிருந்து பாய்ந்து ஒரு தரம் சுட்டுவிட்டு ஓடுகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. டிவியில் அந்த ஆட்டத்தின் பதிவைப் போட்டார்.

‘காக்கா ஏழு’ என்று பெயர் வைத்திருந்தவனின் விமானம் சுட்டது, ஓடியது. பின்னாலேயே அவர் குரல் கூடத்தை நிறைத்தது.

“நில்றா! நேரா நின்னு சண்ட போட வக்கில்ல. உங்கம்மா சோறு போட்டு வளத்தாளா, முந்தானைல ஒளிச்சு வெச்சே வளத்தாளா?”

“சரிங்க,” என்றது பதிலுக்கு ஒரு மெல்லிய குரல்.

கங்காதரன் மட்டும் சிரித்தான். முரளிதரன் குனிந்த தலை நிமிரவில்லை.

“இது உன் கொரலாச்சே முரளி?” என்றாள் கௌரியம்மாள். “அன்னிக்கு சாப்டாம எழுந்து போனியே, இதுக்கா?”

“விடும்மா.”

வேதாசலம் ரிமோட்டை அழுத்தினார். அவசரத்தில் பொத்தான் மாறியதில் படம் மறுபடி முதலிலிருந்து ஓடி, அதே சொல் இரண்டாம் முறையும் கேட்டது. சந்திரா போய் பிளக்கைப் பிடுங்கினாள்.

“என் விமானத்த அடிபடாம முழுசா தரைல எறக்கணும்னுதான் ஓடுவேன் மாமா,” என்றான் முரளிதரன். “அதுவும் ஆட்டந்தாங்க.”

தன் குடும்பத்தை ஒருவர் ஒரு சொல் சொல்லவிடாமல் காத்தவர் வேதாசலம். இன்று வீடு தேடி வந்த பெண்மணியை உட்காரவைத்து, அவளைச் சொன்ன சொல்லை அவள் காதாலேயே கேட்கவைத்திருந்தார். தீபாவின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. எழுந்து நின்றார்.

“மன்னிச்சிடுங்கம்மா. மாப்ள, நீங்களும். யாரோட அம்மாவையும் நான் அப்படி சொல்லியிருக்கக் கூடாது.”

கௌரியம்மாள் தாம்பூலத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“நேரமாவுது. பொண்ண இப்படி வந்து ஒக்காரச் சொல்லுங்க.”

வேதாசலம் சம்பந்தியின் காலில் விழுந்ததாக ஆர்.கே.பேட்டை வரை பேச்சு. விழவில்லை. நின்றுகொண்டுதான் மன்னிப்புக் கேட்டார்.