எண்பத்தொன்பதாம் அத்தியாயத்துப் படகு

1

இந்தக் கதை எனக்குப் போர்ட் பிளேரில், ரியாஸின் ஆபீசில் கிடைத்தது. வெளிநாடு போகும் சரக்குக்குச் சுங்கக் காகிதம் எழுதுபவர் அவர். மேசைமேல் ஒரு தடிப் புத்தகம். உலகத்தில் விற்கும் எல்லாப் பொருளுக்கும் அதில் இடம் உண்டாம். மரம் நாற்பத்து நான்காம் அத்தியாயம். படகு எண்பத்தொன்பதாம் அத்தியாயம். வாரத் தொடர் எழுதும் எனக்குப் பொறாமை. எந்த ஆசிரியரும் என்னை அவ்வளவு தூரம் விட்டதில்லை.

2

அன்று கடல் கண்ணாடி போல...

(வேண்டாம். கடலுக்கு இந்தக் கதையில் வேலை குறைவு.)

போர்ட் பிளேரின் குட்வில் எஸ்டேட் பகுதியில் சேக் தாவூதும் மகன் தவ்ஹீதும் வீட்டு வாசலில் ஒரு டுங்கி கட்டினார்கள். மீன் பிடிக்கிற சின்னப் படகு. பாதியில் சண்டை. [சண்டைக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்து பார்த்தேன், பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். உண்மையில், படகின் விளிம்பு எவ்வளவு உயரம் என்பதுதான் சண்டை.] மகன் பினாங்கு போய்விட்டான். பேச்சு நின்றது. இப்போது உம்மாவிடம் அந்தப் படகைக் கேட்டிருக்கிறான்.

தாவூத் மறுக்கவில்லை. பலகை பலகையாகக் கழற்றி, அனுப்புவதற்குக் கட்டி வைத்தார். ரியாஸிடம் வந்தார்.

"படகுன்னு எழுதாத. வெறும் லக்டி, மரம்னு போடு. அவனுக்கு அது போதும்."

3

பிரித்துப் போட்டாலும், பாதியில் நின்றாலும், படகின் ரூபம் இருந்தால் படகுதான் என்று விதி இருப்பதை ரியாஸ் விளக்கினார். இது வெறும் பலகை, ரூபம் எங்கே என்று தாவூத் சண்டைக்கு நின்றார்.

கூட வந்திருந்த அவர் மனைவி மஸூதா கேட்டார்:

"வெறும் லக்டிக்கு எதுக்குங்க ஒவ்வொண்ணுலயும் சாக்பீஸ்ல நம்பர் போட்டீங்க? இடது ஒண்ணு, வலது ரெண்டுன்னு?"

தாவூத் ஜன்னலைப் பார்த்தார்.

"கைப் பழக்கம்," என்றார்.

ரியாஸ் எண்பத்தொன்பது என்று எழுதினார்.

4

தினமும் தூக்கத்தில் அந்தப் பலகைகள் எனக்கு வருகின்றன. கப்பலின் வயிற்றுக்குள், இருட்டில், நம்பர் பார்த்து ஒன்றையொன்று தேடி மெல்ல நகர்கின்றன.

முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில் தவ்ஹீத் வாப்பாவுக்குப் போன் செய்கிறான். இன்னொன்றில்

(அதுவும் வேண்டாம்.)

பெட்டியை மூடும்போது நடந்ததை மட்டும் சொல்கிறேன். தாவூத் கடைசியாக ஒரு நீளப் பலகையை உள்ளே வைத்தார். விளிம்புக்கானது. அறுக்கவில்லை. அதில் மட்டும் நம்பர் இல்லை.

முடியாத படகையும் படகென்று சுங்கம் ஒப்புக்கொள்கிறது. என் கதைக்கும் அதே விதியைக் கேட்கிறேன். பலகை உங்கள் பக்கத்தில் இருக்கிறது. எவ்வளவு உயரத்தில் அறுப்பீர்கள்?