தினமும் துடைத்தவன்

1

இந்தக் கதை என் அக்காவின் பாதத்தில் பிறந்தது. பதினான்கு மாதமாக ஆறாத சர்க்கரைப் புண். மற்றவர்களுடைய இலக்கியம் இதைவிட நல்ல இடங்களில் பிறப்பதாகக் கேள்வி.

முதல் வரி: 'கொலாஜன் என்பது உடலின் மகத்தான...' (அடித்துவிட்டேன். மகத்தானது எதுவும் பஞ்சில் ஒட்டிக்கொண்டு வராது.)

மறுபடி: ஒரு தம்பி இருந்தான். நையாண்டி எழுதிப் பிழைப்பவன். அக்காவைக் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் பலகையில் ஒரு கட்டடம் வரைந்தார்.

"புதுத் தோல் ஏறணும்னா சாரம் கட்டணும். அதுதான் கொலாஜன். நாள்பட்ட புண்ணு, கட்டக் கட்ட அந்தச் சாரத்தைத் தின்னுடும். இந்தக் கொலாஜன் தகட்டைப் புண்ணு மேல வெச்சா, இதைத் தின்னுட்டு உங்களுதை விட்டுடும்."

தம்பி அக்காவின் காதில் ஓதினான்: "டாக்டர் இல்லக்கா, மேஸ்திரி. அடுத்து சிமெண்ட் கேப்பாரு பாரு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அதற்குள் டாக்டர் இன்னொரு வாக்கியத்தையும் சொல்லி முடித்திருந்தார்.

2

மறுநாள் தம்பி கட்டைப் பிரித்தான். புண்ணுக்குள் மஞ்சளாக, கொழகொழவென்று.

"சீழ்க்கா!"

சுத்தமாகத் துடைத்தான். புதுத் தகடு வெட்டி வைத்தான். மறுநாளும் துடைத்தான். மூன்று வாரம், ஒரு நாள் தவறாமல்.

"அம்மாகூட இப்படிப் பாத்திருக்க மாட்டாடா."

(இங்கே அவன் கண்கலங்கியதாக எழுதி... வேண்டாம்.)

மூன்று வாரம் கழித்து, வராந்தாவில், நர்ஸ் அவனிடம் சொன்னார்: "அது சீழ் இல்ல சார். தகடு கரைஞ்சா அப்படித்தான் இருக்கும். அதுதான் மருந்தே. மூணு நாள் தொடாதீங்கன்னு டாக்டர் சொன்னாரே?"

3

தம்பி நான்தான். இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள்.

ஒரு முடிவு: புண் ஆறியது. (பொய். பெருவிரலை எடுத்துவிட்டார்கள்.)

இன்னொரு முடிவு: 'துடைக்காம இருந்திருந்தாலும் விரல் போயிருக்கலாம் சார்' என்றார் நர்ஸ். அந்த வாக்கியத்தை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

அக்காவுக்குத் தெரியாது. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "என் தம்பி தினம் துடைக்கலைன்னா காலே போயிருக்கும்" என்கிறாள். நான் அடக்கமாகத் தலைகுனிகிறேன். பார்ப்பவர்களுக்கு அது அடக்கம்.

விரல் இருந்த இடத்தில் இப்போது புதுத் தகடு. இன்று இரண்டாம் நாள்.

நான் எழுதும் எதையும் முதலில் கேட்பவள் அவள். இதோ, அடுத்த அறையிலிருந்து குரல்:

"எழுதி முடிச்சிட்டியாடா? வா, வாசி. அப்படியே கட்டைப் பிரிச்சுத் துடைச்சும் விடு. நேத்தும் விட்டுட்ட."

முதல் பகுதியோடு நிறுத்திக்கொண்டாலும் அவள் சிரிப்பாள். சிமெண்ட் இருக்கிறதே.

காகிதத்தைப் பிடியுங்கள். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் வாசியுங்கள்.