அயல்நாட்டு வீரர், ஊர் தலத்தெரு

கிறிஸ்தோஃப் பிறந்தது காரைக்காலில், வளர்ந்தது தலத்தெருவில், பந்து பழகியது கடற்கரை மணலில். ஆயினும் சோழமண்டலம் அணியின் வீரர் பட்டியலில் அவன் பெயர் அயல்நாட்டார் வரிசையில், ஆறாவதாக நின்றது. காரைக்காலைவிட்டுப் பிரெஞ்சு ஆட்சி நீங்கியபோது பாட்டனார் தேர்ந்துகொண்ட பிரெஞ்சுக் குடியுரிமையைத் தந்தை அல்பேர் விடாது காத்தார். மகனுக்கு அது பிறப்போடு வந்தது. நாட்டின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரிலோ விதி கண்டிப்பானது. ஓர் அணி அயல்நாட்டார் அறுவரை வைத்துக்கொள்ளலாம். களத்தில் ஒரே வேளையில் நால்வர்தான் ஆடலாம்.

அந்த நான்கு இடங்களும் கோல் அடிப்பவர்க்கும் நடுக்களம் ஆள்பவர்க்குமே போகும். இடப்பக்கக் காவலுக்கு அயல்நாட்டு இடமொன்றைச் செலவிட எந்தப் பயிற்சியாளருக்கும் மனம் வராது. அந்தக் காவலில் ஆடியவன் ஆபித். அவனும் காரைக்காலான், கிறிஸ்தோஃபோடு ஒரே பள்ளியில் படித்தவன், இந்தியக் குடிமகன்.

குவாஹாட்டியின் குளிரிலும் கோவாவின் புழுக்கத்திலும் கிறிஸ்தோஃப் ஆட்டந்தோறும் உடல் சூடேற்றி ஓடினான். பின்பு மாற்று வீரர் இருக்கையில் அமர்ந்தான். வடத்தைத் தொடும் தூரத்தில் நின்றும் தேரிழுக்கும் பேறு கிட்டாதவன் நிலை அது.

"என்னா துரை, இன்னிக்கும் பெஞ்சுக்குக் காவலா?" என்பான் ஆபித்.

"நீ ஓடுறதப் பாரு. உனக்கு மூச்சு வாங்குறது ஊர்ல டிவியில கேக்குதாம்."

"அந்தப் பாஸ்போர்ட்ட குடுத்துட்டு எங்கள மாதிரி ஆயிடேன்டா. எத்தனை வாட்டி சொல்றது?"

"எழுதிப் போட்டா இந்தியக் குடியுரிமை வந்து சேர வருஷத்துக்கு மேல ஆகும்ங்கிறாங்க. அதுவரைக்கும் எந்த டீம்ல ஆடுறது?"

தைமாதத்தில் அணி மேலாளர் அவனை அழைத்து உள்ளதை உள்ளபடி சொன்னார். ஒப்பந்தம் இத்தொடரோடு முடிகிறது. களத்தில் இறங்கி, அயல்நாட்டு இடத்துக்குத் தகுந்தவன் என்று காட்டினால் நீட்டிக்கலாம், இல்லையேல் இல்லை. கிறிஸ்தோஃபுக்கு வேண்டியது ஓர் ஆட்டம்.

அது கடைசி ஆட்டமாக வாய்த்தது. முந்தைய ஆட்டத்தில் ஆபித் மீண்டும் எச்சரிக்கையாக மஞ்சள் அட்டை வாங்கி, அடுத்த ஆட்டத்துக்குத் தடை பெற்றான். அணிக்கு வேண்டியது ஒரே புள்ளி. சமன் செய்தால் முதல்நிலையில் நிலைக்கும், தோற்றால் கீழ்நிலைக்கு இறங்கும். கோல் விடாதிருந்தாலே போதும் என்று கணித்த பயிற்சியாளர், வால்திர் என்ற பிரேசில் நாட்டு முன்கள வீரரை உட்கார வைத்து, கிறிஸ்தோஃபை இறக்கினார்.

அரங்கத் திரையில் அவன் பெயர் தோன்றியது; பக்கத்தில் பிரான்சின் கொடி. பேருந்து பிடித்துச் சென்னைக்கு வந்திருந்த காரைக்கால் இளைஞர் கூட்டம் அதைக் கண்டு சிரித்தது. "தலத்தெருதான் எங்க இருக்கு? பாரிசுக்குப் பக்கத்துலயா?" என்று ஒருவன் கத்தினான்.

எதிரணியின் வலப்பக்க ஆட்டக்காரன் தொடர் முழுவதும் பலரை அலைக்கழித்தவன். அன்று அவன் எந்தப் பக்கம் திரும்பினும் அங்கே கிறிஸ்தோஃபின் கால் முன்னே நின்றது. இடைவேளைக்குப் பின் அவன் சலித்துப்போய் மறுபக்கம் மாறிக்கொண்டான். கேலி பேசிய கூட்டம் கிறிஸ்தோஃபின் பெயரைச் சொல்லி முழங்கியது. ஒரு பருவமாய் உறங்கிக் கிடந்த உடல் தன் தொழிலை மறக்கவில்லை என்று அவன் உணர்ந்தான்.

எழுபதாம் நிமிடத்தில், அவனுக்குச் சம்பந்தமில்லாத மறுகோடியில், மூலை உதையிலிருந்து எதிரணி கோல் அடித்தது.

வால்திர் மேலாடையைக் கழற்றியபோதே கிறிஸ்தோஃபுக்கு விளங்கிவிட்டது. அயல்நாட்டார் ஒருவர் உள்ளே வர, ஒருவர் வெளியேற வேண்டும். பலகையில் ஒளிர்ந்தது அவன் எண். எல்லைக் கோட்டருகே பயிற்சியாளர் அவன் தோளைப் பற்றி, "உன்மேல் குறையில்லை. நால்வரில் ஒருவர் வெளியே வந்தாக வேண்டும்" என்றார்.

இறுதி நிமிடங்களில் வால்திர் தலையால் முட்டி அடித்தார். ஒன்றுக்கு ஒன்று, அணி பிழைத்தது. கிறிஸ்தோஃபும் எல்லாரோடும் துள்ளினான், உண்மையாகவே மகிழ்ந்தான். மறுநாள் மேலாளர் அவன் ஆட்டத்தை மனமாரப் புகழ்ந்தார். அடுத்த ஆண்டுக்கான அறுவரும் முடிவாகிவிட்டனர் என்றும், இந்தியக் குடிமகனாக வந்தால் கதவு திறந்திருக்கும் என்றும் கூறினார்.

தலத்தெரு வீட்டில் அல்பேர் மீன்குழம்பைச் சோற்றில் பிசைந்தபடியே கேட்டார்:

"பிரான்சுக்குப் போயி அங்க ஆடிப் பாக்குறியா?"

"அங்க என்னைய யாருக்குப்பா தெரியும்?"

"பாஸ்போர்ட்ட குடுத்துட்டா, அங்க துலூஸ்ல இருக்குற உங்க அக்கா ஐரேன் வீட்டுக்குப் போவக்கூட நீ விசாவுக்கு வரிசையில நிக்கணும். அவ சிரிப்பா."

"நிக்கிறேன். தப்பு பண்ணி வெளிய வந்திருந்தா மனசு ஆறியிருக்கும்பா. நல்லா ஆடிட்டு வந்தேன்."

தந்தை சோற்றை உண்டு முடித்துக் கை கழுவினார். பிறகு, "சரி, வக்கீலப் போயிப் பாப்போம். ஒரு வருஷம் சும்மா இருப்பேங்கிறத மட்டும் நல்லா நெனச்சுக்க" என்றார்.

அன்று மாலை கடற்கரையில் கிறிஸ்தோஃப் தன் முடிவை ஆபித்திடம் சொன்னான். அவன் ஓடிவந்து கட்டிக்கொண்டான். "அப்பாடா! தொண்டை வத்திப் போச்சுடா சொல்லிச் சொல்லி. எங்க உம்மாகிட்ட சொல்றேன், பிரியாணி போடச் சொல்லி." சற்றே நடந்தபின் அவன் நடை தளர்ந்தது.

"வந்தா எங்க ஆடுவே?"

"லெஃப்ட் பேக்தான். வேற என்னா தெரியும் எனக்கு?"

"அது நான் ஆடுற இடம்டா."

"தெரியும்."

கிறிஸ்தோஃபை வெளியே நிறுத்திய விதிதான் ஆபித்தை அதுவரை காத்து நின்றது. இருவருமே அதை நினைத்துப் பார்த்ததில்லை.

"நானே குடு குடுன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன் பாரு" என்றான் ஆபித்.

"வேணாம்னா இப்பயே சொல்லிடு."

"சொன்னா விட்டுடுவியா?"

"மாட்டேன்."

ஆபித் சிரித்தான், முன்போல் ஓசையெழவில்லை.

மறுநாள் விடியலில் கிறிஸ்தோஃப் மணலுக்கு வந்தான். விடுப்பு நாட்களில் வெயிலேறும் முன் கண்விழித்தறியாத ஆபித், அங்கே வேர்வை சொட்ட ஓடிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தும் நிற்கவில்லை. கிறிஸ்தோஃப் காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவன் பின்னால் ஓடத் தொடங்கினான்.