நாலு சில்லு

ரயில் சுரங்கத்தில் விரிசல் பார்க்கிறவருக்குத் தன் மச்சான் மேலேயே சந்தேகம். புது டார்ச்சை வாங்கிக் கொடுத்தவன் அவன். அதை அடித்தால் சுரங்கத்தின் கூரை மங்கலாகத்தான் தெரிகிறது. தண்டவாளத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, முடியளவு கோடு தெரிந்தாலும் ரயிலை நிறுத்தச் சொல்ல வேண்டிய வேலை. போன வாரம் பெரிய சுரங்கத்தைப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு, ரயிலை விடலாம்" என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

"உள்ள மட்டமான எல்.இ.டி. சில்லை வச்சு ஏமாத்திட்டான் உன் தம்பி" என்றார் மனைவியிடம்.

"அவன் எதுக்குங்க ஏமாத்தப் போறான்?"

தம்பியை விட்டுக்கொடுப்பாளா என்ன!

இந்த வகை டார்ச்சில் அசல் எல்.இ.டி. என்றால் நான்கு குட்டிச் சில்லுகளை ஒட்டவைத்தது, நடுவில் கூட்டல் குறி மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு ஓடும், போலியில் கோடே இருக்காது என்று கூட வேலை பார்ப்பவர் சொல்லியிருந்தார். மச்சானைக் கையும் களவுமாகப் பிடிக்க அது போதும்.

அவனை வரவழைத்தார். ஜன்னலைச் சாத்தினார். டார்ச்சின் தலையைத் திருகி, உள்ளிருந்த பளபளப்பான கிண்ணத்தை எடுத்துவிட்டு, வெளிச்சத்தை ஆகக் குறைத்து மேஜையில் வைத்தார். அதன் முன்னால் பூதக்கண்ணாடியைப் பிடிக்கும் வேலையை மச்சானுக்கே கொடுத்தார். அவன் முன்னும் பின்னும் நகர்த்த, எதிர்ச்சுவரில் எல்.இ.டி.யின் உருவம் தட்டளவு மஞ்சள் சதுரமாக வந்து நின்றது.

வெறும் சதுரம். கோடும் இல்லை, குறியும் இல்லை. அவருக்கு உள்ளம் குளிர்ந்தது.

"மாட்டினியா! எங்கடா கோடு?"

"அதோ தெரியுதே, மாமா!"

"யார் காதுல பூ சுத்துற?" என்றவர் மனைவியைக் கூப்பிட்டார். "நீயே பாத்துச் சொல்லு. நடுவுல ஏதாவது இருக்கா?"

"இருக்கே. கூட்டல் குறி போட்ட மாதிரி."

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காளும் தம்பியும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள்!

"ரெண்டு பேரும் சேர்ந்து என் தலையில மொளகா அரைக்கிறீங்களா?"

சண்டைக்குப் போகிறவர் மாதிரி சுவரை நோக்கி நடந்தார். மூக்கு இடிக்கிற தூரத்துக்குப் போனதும் கோடு தெரிந்தது. குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று. நான்கு சில்லு. ஓரடி பின்னால் வந்தார், மங்கியது. இன்னும் ஓரடி வந்தார், காணோம். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். அப்போதும் காணோம்.

மச்சான் கோபமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவர் காதில் விழவில்லை.

"என் போனை எடு" என்றார் மனைவியிடம். "பெரிய சுரங்கத்துல ரயிலை நிறுத்தச் சொல்லணும்."

"எதுக்கு மாமா? டார்ச் நல்லாத்தானே இருக்கு?"

"அதனாலதான்டா" என்றார்.