கத்தி வந்த வழி

அப்பாசாமிக்குப் பழைய சவரக்கத்திகள் என்றால் பித்து. துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த காலத்திலிருந்தே கப்பல்காரர்களிடமும் ஏலத்திலும் வாங்கிச் சேர்த்தார். வாங்கினால் மட்டும் போதாது. யார் கன்னத்தில் ஓடிய கத்தி என்று தெரிந்தாக வேண்டும். விற்றவனைக் கேட்பார், அவனுக்கு விற்றவனைத் தேடிப் போவார். அவர் குடியிருந்த காஜா பெராங்கில் அந்தக் கிறுக்கு இன்னொருவருக்கும் இருந்தது. அவர் கலியாணசுந்தரம். இருவரும் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் சோறு ஆறிப்போகும்.

சயாமுக்கு ரயில்பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடிக்கத் தொடங்கியபோது, அப்பாசாமி தம் தம்பி சங்கரனைக் கடலோரக் கிளேபாங்கில் ஒரு தென்னந்தோப்புக் குடிசையில் ஒளித்துவைத்தார். தாடி வளர்ந்தால் ஒளிந்திருப்பவன் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். அதனால் தந்தப் பிடி போட்ட கத்தி ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்த இடம் தெரிந்த மற்றொருவர் சுந்தரம் மட்டுமே. இருவரும் முறைவைத்து மரவள்ளிக்கிழங்கு கொண்டுபோனார்கள்.

ஒருநாள் குடிசை வெறுமையாகக் கிடந்தது.

"படகு கெடைச்சிருக்கும். சுமத்ராவுக்குத் தாண்டியிருப்பான். பொழைக்கத் தெரிஞ்ச பையன்ப்பா" என்றார் சுந்தரம்.

அப்பாசாமி நம்பினார். அம்மாவிடமும் அப்படியே சொன்னார்.

சில மாதங்கள் போயின. ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில், பள்ளிவாசலுக்கு எதிரே பழஞ்சாமான் விற்கும் காதர் பாயின் சாக்கு விரிப்பில் அந்தக் கத்தி கிடந்தது. தந்தத்தில் விரிசல். விரிசலைப் பிடித்திருந்த பித்தளை ஆணி அப்பாசாமியே அடித்தது.

முதலில் அவருக்குச் சந்தோஷம்தான் வந்தது. படகுக் கூலிக்கு விற்றிருக்கிறான். கை மாறிய வழியே போனால் தம்பி எந்தப் படகில் ஏறினான் என்பது தெரிந்துவிடும்.

"யாரு குடுத்தா பாய்?"

"ஆரம்பிச்சிட்டீங்களா கிராணியாரே? ஊரே கெழங்குக்கு அலையுது. நீங்க கத்திக்கு அப்பன் பேரு கேட்டு அலையுறீங்க." பாய் சிரித்தார். "உங்க பக்கந்தான். செட்டி வீட்டுப் பாக்கியம். பலகாரம் விக்குமே, அந்தம்மா."

கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டார்.

தலைமுறைகளாக மலாய் பேசும் செட்டிக் குடும்பம் அது; பாக்கியத்துக்குத் தமிழ் வராது. வாழையிலையில் கிழங்கு மாவை மடித்துக்கொண்டே மலாயில் சொன்னாள். பக்கத்து வீட்டுச் சுந்தரம்தான் விற்றுத் தரச் சொன்னார். யாரிடமும் மூச்சு விடாதே என்றார். ஆனால் நீங்கள் அவருடைய கூட்டாளி, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

அப்பாசாமி வேலியைச் சுற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குள் போனார். சுந்தரம் பனியனோடு தனியாக உட்கார்ந்திருந்தார். கத்தியை மேசைமேல் வைத்தார் அப்பாசாமி. சுந்தரம் எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை.

"எம் மவனைப் புடிச்சிட்டாங்க, அப்பாசாமி. ஒளிஞ்சிருக்கிற ஒருத்தனைக் காட்டு, இவனை விட்டுடுறோம்னாங்க."

"காட்டின."

"காட்டினேன்."

"கத்தி?"

சுந்தரம் தரையைப் பார்த்தார். "அவன லாரில ஏத்தினப்புறம் உள்ள போய்ப் பார்த்தேன். கூரை ஓலையில செருகியிருந்துச்சு. கடல்காத்துல துருப்புடிச்சுப் போயிடும். விட்டுட்டு வர மனசு வரல. வீட்லயும் வைக்க முடியல. நீ வந்தா பெட்டியத் தொறப்பியே."

அப்பாசாமிக்கு அது புரிந்தது. கத்தியை அவரும் விட்டுவிட்டு வந்திருக்கமாட்டார்.

"லாரி எங்க போச்சு?"

"தம்பின்ங்கிற ஊரு ரயில் டேசன். அங்கேருந்து சயாம்."

"சுமத்ரான்னு சொன்னியே."

"நீ தூங்கணும்னு சொன்னேன்."

"தூங்கினேன். அம்மாவும் தூங்குச்சு. சட்டையப் போடு. நீயே வந்து அம்மாகிட்ட சொல்லு."

சுந்தரம் கொடியிலிருந்து சட்டையை எடுத்தார். ஒரு கையை நுழைத்தார். மறு கையை நுழைக்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அப்பாசாமி வாசலில் நின்று காத்திருந்தார். பிறகு, அம்மாவிடம் தாமே சொல்வதற்குக் கிளம்பினார்.