மஞ்சள் மேசையின் கோடு

திங்கட்கிழமை காலைகளில் ரோஜா தரம்பிரிக்கும் கூடத்தில் கைகள் மட்டும்தான் மேசைமேல் இருக்கும். காதுகளெல்லாம் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்திருக்கும். அந்த அறையில் எழுத்தர் பராசாவின் பிரிண்டர், தாளை வெளியே தள்ளுமுன் ஒரு பாட்டம் இருமித் தீர்க்கும். பண்ணையை ஒட்டிய நைவாஷா ஏரியின் நீர்யானைகள் அதைத் தங்கள் சாதிசனம் என்று நினைத்துப் பதிலுக்கு உறுமும் என்று கூடமே சத்தியம் செய்யும்.

"இருமுதுடி, இருமுது!" என்றாள் சிவப்பு மேசையின் நஃபுலா. அவள் குரலுக்கு ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தால் ஒலிபெருக்கிதான் வெட்கப்படும். "யாருக்குப் பேறுகாலம்னு இப்பத் தெரிஞ்சிரும்."

கூடம் பூக்களுக்காகக் குளிரூட்டப்பட்டது, பெண்களுக்காக அல்ல. இரண்டு ஜோடி காலுறைக்குமேல் ரப்பர் பூட்ஸ், கம்பளிச் சட்டைக்குமேல் பிளாஸ்டிக் ஏப்ரன். வாளியிலிருந்து தண்டை உருவி, கோடு போட்ட பலகையில் வைத்து நீளம் பார்த்து, கையுறையால் ஒரே இழுப்பில் முள்ளையும் இலையையும் வழித்து, இருபது சேர்ந்ததும் அட்டையில் சுற்றி ரப்பர் மாட்டி, அடியைச் சமமாக நறுக்க வேண்டும். காதலர் தினம் நெருங்குகிற நாட்களில் மூக்கு ஒழுகினாலும் துடைக்க நேரமிருக்காது. ஐரோப்பாவில் எத்தனையோ காதல்கள் அந்த மூக்குகளுக்கு நேர்கீழேதான் கட்டப்பட்டன.

ஆறு மேசைகள். ஆறுக்கும் ஆறு நிறத் தலைத்துணி. கட்டுகளின் கணக்கை முன்பெல்லாம் பராசா எண்களாகவே அடித்து ஒட்டிக்கொண்டிருந்தான். அதை யாரும் படிக்கவில்லை. மேலாளர் கதோகோவுக்கோ எண்ணைப் பார்த்தாலே ஒற்றைத் தலைவலி. "படமாப் போடுய்யா, பராசா. கோடு ஏறினா சிரிப்பேன், இறங்கினா முறைப்பேன். அவ்வளவுதான் நான்" என்றார். அதன்பின் ஒவ்வொரு மேசையும் பராசாவின் கணினியில் ஒரு சீரீஸ், அதாவது ஓர் எண்வரிசை, ஆனது. ஒவ்வொரு சீரீஸுக்கும் ஒரு கோடு. கோட்டுக்கு அந்த மேசையின் தலைத்துணி நிறம்.

நிறம் விஷயத்தில் பெண்கள் விட்டுக்கொடுக்கிற ரகமில்லை. நஃபுலா தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டே அறைக்குள் வந்து திரையின்மேல் ஒட்டவைத்துப் பார்த்தாள். "கொழுந்தனாரே, நீங்க போட்டிருக்கிறது தக்காளி. என் துணி ரத்தம். நல்லாக் கண்ணத் திறந்து பாருங்க." பராசா அவளுக்கு எந்த வகையிலும் கொழுந்தன் இல்லை. அவள் புருஷன் வீட்டுப் பக்கம்கூட அவன் போனதில்லை. ஆனாலும் கோட்டின்மேல் வலது கிளிக் செய்து, தக்காளியிலிருந்து ரத்தம்வரை சிவப்பைச் சொட்டுச் சொட்டாக இறக்கினான். அதற்குள் அறைவாசலில் ஊதா மேசை வரிசையில் நின்றுவிட்டது.

இதில் மஞ்சள் மேசையின் கதைதான் வேறு. அது கூடத்தின் கடைசியில், குளிர்கிடங்குக் கதவை ஒட்டி இருந்தது. அதன் தலைவி கெமுந்தோ கிஸீ மலைக்காரி. ஊரில் பழுக்கிற வாழைத்தாரின் நிறமென்று, மேசைப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து சந்தையில் ஒரே பீஸிலிருந்து கிழித்து வாங்கிய துணி அது. வெயிலில் போனால் எதிரே வருபவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டிய மஞ்சள். அந்த மஞ்சள்தான் வெள்ளைத் தாளில் அச்சானதும் எங்கே போனதென்றே தெரியவில்லை.

அன்றைக்கும் பராசா தாளைப் பலகையில் குத்தினான். சிவப்பு, நீலம், பச்சை, ஊதா, கறுப்பு. கெமுந்தோ ஈரக் கையுறையோடு வந்து நின்று தாளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பிறகு மூக்கு இடிக்குமளவு கிட்டே போய்ப் பார்த்தாள்.

"தம்பி, நாங்க எங்க?"

"இருக்கீங்கக்கா. இந்தா, இங்க... கொஞ்சம் சாஞ்சு பாருங்க. வெளிச்சம் பட்டாத் தெரியும்."

"கொசு பறந்த தடம் மாதிரி இருக்கு."

"உங்க நிறம் அப்படி. பழுப்பு ஆக்கிரட்டுமா? பளிச்சுன்னு தெரியும்."

"பழுப்பா? நல்ல வாழப்பழம் எப்பய்யா பழுப்பாகும்? அழுகினாத்தான். எங்கள அழுகினவங்கன்னு சொல்றியா?"

பராசா குரலைத் தாழ்த்தினான். "அக்கா, நான் சொன்னாக் கேளுங்க. தெரியாம இருக்கிறதுலயும் ஒரு சௌகரியம் இருக்கு."

அவன் எதைச் சொல்கிறான் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. அந்தக் கூடத்தில் எல்லோருமே சீசன் ஆட்கள். காதலர் தினச் சரக்கு விமானம் ஏறியதும், கணக்கில் ஆக அடியில் நிற்கிற மேசை வீட்டுக்குப் போகும்; மிச்சமுள்ளவர்களுக்கு மறுபடி ஒப்பந்தம். கெமுந்தோவுக்கு நக்குருவில் படிக்கிற மகள் இருக்கிறாள். மேசையில் நிற்கிற மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு நக்குரு உண்டு.

"இல்ல தம்பி. பெரியவரு படத்தப் பாக்குறாரு. அதுல அஞ்சு கோடு. அப்ப ஆறாவது மேச வேலயே செய்யலன்னு அவருக்குத் தோணாதா? இல்லாதவள அனுப்புறது லேசு. இருக்கிறவளத்தான் மூஞ்சியப் பாத்து அனுப்பணும்."

"அக்கா..."

"நாங்க என்ன திருடிங்களா, ஒளிஞ்சு நிக்க? எங்க கோட்டப் போடு. மஞ்சளாவே போடு. தெரியிற மாதிரி போடு."

பராசா நாள் முழுக்க அந்தக் கோட்டோடு மல்லுக்கட்டினான். தடிமனைக் கூட்டினான், கொசுத்தடம் பசுமாட்டுத்தடம் ஆனதே தவிரத் தெளியவில்லை. விட்டுவிட்டு வரும் கோடாக்கினான். தையல் பிரிந்தது போலிருந்தது. கடைசியில் ஒவ்வொரு நாளின் புள்ளிக்கும் ஒரு வட்டக் குறி வைத்து, உள்ளே மஞ்சள் நிரப்பி, சுற்றிலும் கறுப்பு விளிம்பு கொடுத்தான். பிரிண்டர் இருமியது. நீர்யானை உறுமியது. தாளில் மஞ்சள் மேசை வரிசையாகப் பிறந்து கிடந்தது, பொரித்த முட்டை பொரித்த முட்டையாக.

கூடம் சிரித்த சிரிப்பில் குளிர்கிடங்கின் கதவு அதிர்ந்தது. மஞ்சள் மேசைப் பெண்கள் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஒருத்தி தன் கைபேசியில் படமெடுத்து ஊருக்கு அனுப்பினாள். "இந்த முட்ட செவ்வாக்கிழம. அன்னிக்கு எனக்குக் காய்ச்சல்" என்று இன்னொருத்தி ஒரு வட்டத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"முட்ட இத்தன இருக்கே, கோழி எங்கடி?" என்று நஃபுலா தூரத்திலிருந்தே கேட்டாள்.

"கோழியத்தான் உங்க ஊர்க்காரங்க ஒண்ணு விடாமத் தின்னுட்டீங்களே! காலெலும்பாவது வச்சீங்களா?" என்றாள் கெமுந்தோ. நஃபுலா காகமேகாக்காரி, பராசா அவள் பக்கத்து ஊர்க்காரன்; கோழி தின்பதற்கே பேர்போன பக்கம் அது. கோழி என்றால் அவர்கள் இருவருமே மறுத்துப் பேச முடியாதவர்கள்.

சிரிப்பு அடங்கிய பிறகுதான், முட்டைகள் கிடக்கிற இடத்தைப் பெண்கள் பார்த்தார்கள். ஐந்து கோடுகளுக்கும் கீழே, தாளின் தரையில் அவை கிடந்தன. கெமுந்தோ கையுறையை இழுத்து மாட்டினாள். "பரவால்ல. இருக்கோம்ல" என்று சொல்லிவிட்டு மேசைக்குத் திரும்பினாள்.

மாலையில் கதோகோ தேநீர்க் குவளையும் கையுமாக வந்தார். அவர் பையில் எப்போதும் இனிப்பு மிட்டாய் இருக்கும்; வழியில் தென்படுகிற எல்லோருக்கும் கொடுப்பார். கோபம் வந்தால் இரண்டாகக் கொடுப்பார். பலகைமுன் நின்று பராசாவைக் கூப்பிட்டார்.

"இது யாருய்யா, அடியில முட்ட போட்டுக்கிட்டுக் கிடக்கிறது?"

"மஞ்சள் மேச, சார்."

"முன்னயும் இருந்தாங்களா?"

"இருந்தாங்க, சார்."

"எப்பவும் இங்கயேதானா?" விரலால் தரையைத் தட்டினார். பராசா தலையைச் சொறிந்தான். கதோகோ அவன் கையில் இரண்டு மிட்டாய்களை வைத்துவிட்டுப் போனார்.

பராசா அன்று வீட்டுக்குப் போய் உகாலிக் களியைத் தொடவில்லை என்று அவன் மனைவி பிறகு ஊரெல்லாம் சொன்னாள். பராசா உகாலியைத் தொடாததால் வீட்டு வாசலில் நாயும் சாப்பிடவில்லையாம்.

மறுநாள் அவன் மஞ்சள் மேசையருகே போய் நின்று, வாளி வருவதைப் பார்த்தான். பார்க்க ஒன்றும் பெரிதாயில்லை. தள்ளுவண்டி முன்வாசலில் நுழையும். சிவப்பும் நீலமும் மற்றவர்களும் தங்களுக்கான வாளிகளை இறக்கிக்கொள்வார்கள். கடைசி மேசைக்கு வந்து சேரும்போது வண்டியில் இருப்பதெல்லாம் ஏரிக்கரையின் பழைய பசுமைக்குடில் பூக்கள். நீர்யானை முட்டிக் கிழித்த பிளாஸ்டிக்கின் வழியாகக் காற்று வாங்கிக் கோணிப்போன தண்டுகள். அவற்றிலும் பாதி நாள் வாளி குறைவு. வாளி வராத நேரத்தில் கெமுந்தோவின் ஆட்கள் கையைப் பிசைந்து சூடேற்றிக்கொண்டு நிற்பார்கள்.

"அக்கா, இத ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"யாருகிட்டச் சொல்ல? வண்டி எங்க கண்ணுக்கு மட்டுமா தெரியுது?"

வாளி இறங்கும்போதெல்லாம் எந்த மேசைக்கு என்று துண்டுச் சீட்டு எழுதுவது வழக்கம். பராசா அவற்றை எடுத்து ஏழாவது சீரீஸாகச் சேர்த்தான்: மஞ்சள் மேசைக்கு வந்த வாளிகள். முதலில் அது படத்தின் அடியில் மிதிபட்ட மண்புழுவாகக் கிடந்தது. கட்டுகள் ஆயிரக்கணக்கில், வாளிகள் கொஞ்சம்தான். ஒரே அளவுகோலில் இரண்டையும் நிறுத்தினால் வாளி எங்கே தெரியும்? அந்த சீரீஸை மட்டும் வலது பக்கத்து இரண்டாவது அச்சுக்கு மாற்றினான். மண்புழு எழுந்து நின்றது. கோடாக இல்லாமல் தூண்களாக்கி, சாம்பல் நிறம் கொடுத்தான். தூண் குட்டையான நாளில் முட்டை இறங்கியது. தூண் உயர்ந்த நாளில் முட்டை ஏறியது. தாயின் விரலைப் பிடித்துக்கொண்டு குழந்தை படியேறி இறங்குவது போல, ஒருநாள்கூட இரண்டும் பிரியவில்லை.

பலகையில் குத்துமுன் கெமுந்தோவைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினான். அவள் கையுறையைக் கழற்றி, தூண் ஒவ்வொன்றையும் விரலால் தடவிக்கொண்டே போனாள்.

"இது அன்னிக்கு மூணு மணி வரைக்கும் சும்மா நின்னோமே, அதுவா?"

"அதேதான்க்கா."

"நிக்கிறதுகூடப் படத்துல வருமா தம்பி!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். மறுநாள் அவன் மேசையில் ஒரு வாழைச்சீப்பு இருந்தது.

கதோகோ அந்தப் படத்தை உட்கார்ந்தே பார்த்தார். குவளையில் தேநீர் ஆறிப்போகுமளவு பார்த்தார்.

"அழகாப் போட்டிருக்கே, பராசா. எம் பொண்ணு கல்யாணத்துக்கு மேடை ஜோடனை நீதான்."

"புரியுதா சார்? வாளி வந்தா அவங்க கட்டுறாங்க. வராதப்ப..."

"புரியாம என்னய்யா? சின்னப்புள்ளைக்கும் புரியும். அதான் தொந்தரவு." குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "இத நான் மேலிடத்துக்கு அனுப்பினா, வாளி ஏன் வரலம்பான். வண்டி ஏன் ஒரே பக்கமா வருதும்பான். கிழிஞ்ச பிளாஸ்டிக்க ஏன் இன்னும் மாத்தலம்பான். மாத்தத்தான் நான் எழுதிக் கேட்டேன், காசில்லன்னு சொன்னதே அவன்தான். மறுபடி அவன்கிட்டயே போய் நிக்கவா?"

"அதுக்காக, சார்..."

"எப்படிப் படம் போட்டாலும் அடியில யாராவது ஒருத்தர் இருக்கத்தான் செய்வாங்க, பராசா. அந்தத் தூண எடுத்துரு. பாக்கிறவங்க கண்ணுக்குக் குழப்பம்."

அவர் எழுந்தார், ஆனால் போகவில்லை. பக்கத்திலேயே நின்றார். பராசா தூண் ஒன்றின்மேல் கிளிக் செய்தான். எல்லாத் தூண்களும் ஒரே நேரத்தில் மினுங்கின. அழிக்கும் விசையை அழுத்தினான். கூடவே வலது பக்கத்து அச்சும் போயிற்று. கதோகோ நாலு மிட்டாய்களை மேசையில் வைத்தார். பராசா எடுத்துக்கொள்ளவில்லை.

காதலர் தினச் சரக்கு ஏறிய மறுநாள், மஞ்சள் மேசைக்காரர்கள் வாசல் காவலரிடம் பூட்ஸையும் ஏப்ரனையும் கையுறையையும் ஒப்படைத்தார்கள். தலைத்துணி அவர்களுடையது, அதை யாரும் கேட்கவில்லை. நஃபுலா வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து, கெமுந்தோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நக்குருவுக்கே கேட்கும்படி அழுதாள். கெமுந்தோ அழவில்லை. தன் தலைத்துணியை அவிழ்த்தாள். மற்றவர்களும் அவிழ்த்தார்கள். எல்லாவற்றையும் மடித்து நஃபுலாவின் ஏப்ரன் பைக்குள் திணித்தாள்.

"எதுக்குடி எனக்கு இது?"

"அன்னையர் தினம் முடிஞ்சா இன்னொரு மேச போகும்ல? வண்டிக்குக் கடைசி இப்ப யாரு?"

நஃபுலா திரும்பிப் பார்த்தாள். காலியான மேசையைக் கழுவி ஓரமாகச் சாய்த்துவிட்டு, இடம் நிறைய இருக்கட்டும் என்று மற்ற மேசைகளை வரிசை மாற்றித் தள்ளிப் போட்டிருந்தார்கள். குளிர்கிடங்குக் கதவை ஒட்டி இப்போது சிவப்பு மேசை நின்றது.

"கட்டிக்க. பேப்பர்ல தெரியாது" என்றாள் கெமுந்தோ.

அடுத்த சில வாரங்கள் சிவப்புக் கோடு தாளில் படிப்படியாக இறங்கியது. ஒரு திங்கட்கிழமை காலை, சிவப்பு மேசைப் பெண்கள் எல்லோரும் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு வந்து வரிசையாக நின்று முள் வழிக்கத் தொடங்கினார்கள். யாரும் சிரிக்கவில்லை. நஃபுலா கண்ணாடி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் வாழ்நாளிலேயே முதல்முறையாக மெதுவாகப் பேசினாள்.

"கொழுந்தனாரே. எங்க துணி மாறிருச்சு."

"பாத்தேன்."

"முட்ட வேணாம்."

பராசா ரத்தச் சிவப்புக் கோட்டின்மேல் வலது கிளிக் செய்தான். நிறங்களின் பெட்டியைத் திறந்து, மஞ்சளிலேயே ஆக வெளிறியதைத் தேடி எடுத்தான். தடிமனைக் குறைத்தான். குறி: எதுவுமில்லை. பிரிண்டர் இருமித் தாளைத் தள்ளியது. நான்கு கோடுகள் நன்றாக மேலேயே இருந்தன. அவற்றுக்குக் கீழே வெறும் வெள்ளை.

தாளைப் பலகையில் குத்திவிட்டுத் திரும்பும்போது ஜன்னல் வழியே வாசல் தெரிந்தது. அன்றாடக் கூலிக்கு ஆள் எடுப்பதற்காக ஒரு வரிசை, கம்பிக்கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. வெயில் ஏறியிருந்தது. வரிசையின் கடைசியில் கெமுந்தோவும் அவள் மேசைக்காரிகளும் நின்றிருந்தார்கள். ஒருத்தி தலையிலும் துணியில்லை. எல்லோரும் ஒரு கையைப் புருவத்துக்குமேல் வைத்துக்கொண்டு, உள்ளே வாளிகளோடு போகிற தள்ளுவண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.