சந்தனம் வைத்த டயர்

கருமாதிக்கு வந்தவன் இலையில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு போயிருக்கலாம். செல்வகுமாருக்கு அது போதவில்லை. பந்தியில் உட்கார்ந்தபடி பக்கத்து இலைக்காரரிடம் சத்தமாகச் சொன்னான்:

“முன்னாடி ஒரு கம்பெனி டயரு, பின்னாடி ஒரு கம்பெனி டயரு. மழையில பிரேக் புடிச்சா வண்டி இன்னா பண்ணும்? இழுத்துக்கினு போயிடுச்சி. கோபிகிட்ட நான் அப்பவே சொன்னேன்.”

பந்தி விசாரித்துக்கொண்டிருந்த அப்பா அவனுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனார். செல்வகுமார் அதைப் பார்க்கவில்லை. அவன் பாயசம் கேட்டுக்கொண்டிருந்தான்.

கோபி என் தம்பி. சென்னையில் வேலை. தூர தேசம் சுற்றுவதற்கென்றே ஒரு பெரிய பைக் வைத்திருந்தான். செல்வகுமார் அவனோடு இமயமலை வரை போய்வந்த கூட்டாளி. ஐப்பசி மழையில், அம்மாவின் தெவசத்துக்காக ஊருக்கு வந்துகொண்டிருந்தபோது, கூட்டேரிப்பட்டு தாண்டி ஒரு லாரி குறுக்கே திரும்பியது. கோபி பிரேக் பிடித்தான். வண்டி நிற்கவில்லை. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வண்டி போலீஸ் ஸ்டேஷனில் கிடக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து யாரும் போய்ப் பார்க்கவில்லை, பார்க்கிற தெம்பு யாருக்கும் இல்லை.

செல்வகுமார் சொன்ன அந்தப் பின் டயரை வாங்கிக் கொடுத்தவர் அப்பா.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால், பின் டயர் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று கோபி பேச்சுவாக்கில் சொன்னான். அவன் மதியம் தூங்கும்போது அப்பா பைக் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டயரில் இருந்த எண்களைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். எண்களை மட்டும். கம்பெனிப் பெயரை எழுதவில்லை, இங்கிலீஷ் எழுத்து அவருக்கு வராது. அதோடு, அவருக்குத் தெரிந்த வண்டி எங்கள் டிராக்டர்தான். அதன் பின்சக்கரங்கள் இரண்டும் வேறு வேறு கம்பெனி. எது தேய்ந்ததோ அதை மாற்றுவோம். அளவு சரியாக இருந்தால் சேற்றில் இறங்கும், ஏறும்.

கோபி சென்னைக்குத் திரும்பிய பிறகு, திருவெண்ணெய்நல்லூரிலிருந்து விழுப்புரத்துக்குப் பஸ்ஸில் போய், கையைக் காட்டி டயர் வாங்கி, அதை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். பூஜையன்று மண்வெட்டி, அரிவாள், கடப்பாரையோடு டயரையும் படைத்தார். மூன்று இடத்தில் சந்தனம் குழைத்து வைத்து, நடுவில் குங்குமம் இட்டு, பூஜைக்கு வந்திருந்த கோபி கையில் கொடுத்தார்.

“சூப்பரா கீதுப்பா” என்றான் கோபி. தெரிந்த கடையில் மாட்டிக்கொள்கிறேன் என்று பைக்கில் கட்டி எடுத்துப் போனான்.

அதற்குப் பிறகு கோபி எப்போது வீட்டுக்கு வந்தாலும் அப்பா முதலில் பின் டயரைத்தான் தட்டிப் பார்ப்பார், மாட்டைத் தட்டுவது மாதிரி. இந்த வருஷப் பூஜைக்கும் அதற்கு அவரே சந்தனம் வைத்தார். அதன் அடியில் அவரே எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை நகர்த்தச் சொன்னார்.

கருமாதிக்குப் பிறகு அப்பா மதியச் சோற்றை விட்டுவிட்டார். காலையில் ஒரு டம்ளர் கேப்பைக் கூழ், அதுவும் நின்றபடியே. மதியம் இலை போட்டால் எழுந்து போய்விடுவார். “அளவப் பாத்தேன், பேரப் பாக்கல” என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொள்வார். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. விழுப்புரத்தில் என் வீட்டையும் பிள்ளைகளையும் என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு வந்து நானும் கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். ஒன்றும் நடக்கவில்லை. மகனோடு அப்பாவையும் தூக்கிக் கொடுக்கப் போகிறோம் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

எனக்குக் கோபம் வந்தால் யார் மேலாவது கொட்டியாக வேண்டும். செல்வகுமாரைப் போனில் பிடித்தேன். விபத்துக்குப் பிறகு அவன் வண்டியைப் பார்த்ததுகூட இல்லை. டயர் சமாச்சாரத்தைக் கோபி போன வருஷம் சொன்னதாக இழுத்தான். “மாட்டினது திண்டிவனத்துல தேவசகாயம் கடையாத்தான் இருக்கும்க்கா. அங்கதான் எப்பவும் நிப்பான்.” அந்தக் கடைக்காரன் மேல் என் ஆத்திரம் திரும்பியது. எங்கள் அப்பாவுக்குத் தெரியாது, சரி. பைக் டயரையே பிழைப்பாக வைத்திருப்பவனுக்குமா தெரியாது? வேண்டாம் தம்பி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் வாய் வலித்திருக்குமா?

மறுநாள் காலை திண்டிவனம் பஸ் ஏறினேன்.

சாலையோரத்துக் கடை. வாசலில் பெரிய பைக்குகள் நின்றன. ஒல்லியான ஆள் ஒருவர் ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“இங்க தேவசகாயம் யாரு?”

“நான்தாம்மா.”

“என் தம்பியக் கொன்னது நீதான்” என்றேன்.

நின்றிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். பதிலுக்குக் கத்துவார் என்று எதிர்பார்த்துத்தான் நின்றேன். அவர் துணியில் கையைத் துடைத்தார்.

“கோபி அக்காவா? உள்ள வாங்கம்மா.”

கடையின் பின்பக்கச் சுவரில் பிளாஸ்டிக் தாள் சுற்றி ஒரு டயர் மாட்டியிருந்தது. அவர் தாளைப் பிரித்தார். ஓட்டாத புது டயர். அதில் மூன்று இடத்தில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. குங்குமம் கறுத்துப் போயிருந்தது.

“இத்த நான் மாட்டவே இல்லம்மா” என்றார் தேவசகாயம். “முன்னாடி எந்தக் கம்பெனியோ, அதே கம்பெனிய பின்னாடிக்கும் வாங்கி மாட்டிக்கினாரு. முன்னாடியும் பின்னாடியும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போற மாதிரி ஜோடியா செய்வாங்க. வேற வேற போட்டா உடனே விழுந்துடுவோம்னு இல்ல. ஆனா அவரு தூரம் போறவரு, அந்த விசயத்துல கண்டிப்பு.”

“அப்புறம் இது?”

“இது இங்கியே இருக்கட்டும்னாரு. ‘அப்பாகிட்ட யாரும் சொல்லிடாதீங்கண்ணே, பஸ்ல மடியில வச்சிக்கினு வந்தாரு. அடுத்த தபா முன்னாடிக்கும் இதே கம்பெனியில வாங்கி ரெண்டையும் ஒண்ணா மாட்டிக்கிறேன்’னாரு.”

நான் அந்தச் சந்தனத்தில் கை வைத்துக்கொண்டு அழுதேன். அப்பா ஒரு வருஷமாகத் தட்டித் தட்டிப் பார்த்ததும், இந்த வருஷம் சந்தனம் வைத்ததும் அவர் வாங்கிய டயரே இல்லை. இந்தப் பயல் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்திருக்கிறான். அவன் உயிரோடு இருந்திருந்தால் முதுகில் நாலு வைத்திருப்பேன். அப்பா மேல் தப்பில்லை. ஓடிப் போய் அதைச் சொல்ல வேண்டும் என்று மனசு பறந்தது.

அப்போதுதான் பக்கத்திலேயே சாய்த்து வைத்திருந்த இன்னொரு புது டயரைப் பார்த்தேன். அதே கம்பெனி.

“அது அவரு சொல்லி வரவழைச்ச முன் டயரும்மா. வந்துடுச்சின்னு நான்தான் போன் பண்ணேன்.” அவர் கைத்துணியை முறுக்கினார். “அன்னிக்கு, ஊருக்குப் போறப்ப, இங்க வந்தாரும்மா. ஞாயித்துக்கிழமைதான் இங்க கூட்டமே. மாதா கோயில்ல மொத பூசைய பாத்துட்டு வந்து கடைய தொறந்துடுவேன். பதினொரு மணிக்கு வந்தாரு. பின் டயரு மொட்டையா கீது, தூறலும் புடிச்சிக்கிச்சி. ‘செத்த நேரம் உக்காருங்க, ஜல்தியா மாட்டிடறேன்’னு ஜாக்கியகூட எடுத்தாந்துட்டேன். அப்பதான் போன் வந்துச்சி.”

அந்தப் போனைப் பற்றி அவர் சொல்ல வேண்டியதில்லை. அப்பா பேசும்போது நான் பக்கத்தில் வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தேன். தெவசத்தன்று மகன் வந்து கற்பூரம் ஏற்றி, காக்கைக்குச் சோறு வைக்கும் வரை அப்பா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ‘எப்படா வருவ? உங்கம்மாவுக்குப் படைக்காம நான் வாயில ஒண்ணும் வைக்க மாட்டேன், தெரியுமில்ல?’ என்றார். ‘தோ வந்துட்டேம்பா’ என்றான் கோபி. எங்கே நிற்கிறான் என்று சொல்லவில்லை. டயர் கடை என்று சொன்னால் ஏன் என்று அப்பா கேட்பாரே.

“‘அப்பா பட்டினியா கீறாருண்ணே, திரும்பி வர்றப்ப மாத்திக்கிறேன்’னு கிளம்பிட்டாரு” என்றார் தேவசகாயம். “கையப் புடிச்சி உக்கார வச்சிருக்கணும்மா. அவரு கேக்கல. நானும் உட்டுட்டேன்.”

அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். டயர் வாங்கிக் கொடுத்த பாரத்தை அப்பா தலையிலிருந்து இறக்கலாம். இறக்கினால் அந்தப் போன் பேச்சு ஏறும். இதை அவரால் ஒரு நாள்கூடச் சுமக்க முடியாது.

தேவசகாயம் இரண்டு டயரையும் தன் குட்டி யானை சரக்கு வண்டியில் ஏற்றினார். “நானே கொண்டாந்து குடுக்கறேம்மா. அந்தப் பெரியவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும், ராவுல தூக்கமே வர்ல” என்றார்.

“இன்னா சொல்லப் போறீங்க?”

அவர் டயர்களைக் கயிற்றால் இழுத்துக் கட்டினார். வழியெல்லாம் எனக்கு அதுதான் பயம். சொல்லாதீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. அந்த மனிதர் தூக்கத்தைக் கெடுக்கும் பாரத்தை இறக்கி வைக்கத்தான் வருகிறார், அதைத் தடுக்க நான் யார் என்றும் இருந்தது. கூட்டேரிப்பட்டில் டீக்கடைகளில் கூட்டமாக இருந்தது. அதைத் தாண்டியதும் அவர் வண்டியை மெதுவாக்கினார். இரண்டு பேரும் கோபி விழுந்த பக்கம் திரும்பவில்லை.

நாங்கள் போய்ச் சேரும்போது மதியச் சோறு ஆறிக் கிடந்தது. அப்பா டிராக்டர் நிழலில் உட்கார்ந்திருந்தார். தேவசகாயம் சந்தனம் வைத்த டயரை அவர் முன்னால் தரையில் வைத்துவிட்டு, என்னிடம் சொன்னதை ஒவ்வொன்றாக அவரிடமும் சொன்னார். முன் டயர் வந்ததும் போன் பண்ணியது வரைக்கும் சொல்லி நிறுத்தினார்.

அப்பா விரலால் சந்தனத்தைத் தடவினார்.

“இத்த மாட்டவே இல்லியா?”

“இல்லீங்க.”

“வண்டியில இருந்தது ரெண்டும் ஒரே கம்பெனிதானா?”

“ஒரே கம்பெனிதாங்க.”

“திருட்டுப் பய” என்றார் அப்பா. “நான் தட்டித் தட்டிப் பாக்கறேன், பல்லக் காட்டிக்கினு நிக்கிறான் பாரு.” சிரிக்கப் போனவர் அப்படியே உடைந்து அழுதார். கோபி போன பிறகு அவர் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான். நானும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சந்தோஷம் மாதிரி ஒன்று அதில் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆனால் அவர் சக்கரத்தோடு வாழ்ந்தவர். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து கேட்டார்.

“ஒரு வருசம் ஓடிச்சின்னா அந்த டயரு தேஞ்சிருக்குமே? புது டயரு ரெண்டும் உன் கடையிலதான் கீது. உன் கடை வழியாத்தான் வந்தான். அன்னிக்கு ஏன் மாத்திக்கல?”

ஊரில் என் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. அந்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டேன்.

தேவசகாயம் என்னைப் பார்த்தார். திறந்து கிடந்த சமையலறைக் கதவு வழியே ஆறிக் கிடந்த சோற்றைப் பார்த்தார். அப்பாவின் சட்டைக்குள் தெரிந்த எலும்பைப் பார்த்தார்.

“கடை பூட்டியிருந்துச்சிங்க” என்றார். “ஞாயித்துக்கிழமைங்களே. மாதா கோயிலுக்குப் போயிட்டேன். வந்து பாத்துட்டுப் போயிருப்பாரு.”

அப்பா அவரையே பார்த்தார். முகம் மெல்லச் சிவந்தது. இத்தனை நாள் தன் மேலேயே பாய்ந்துகொண்டிருந்த கோபம் முதல் தடவையாக வேறு ஆள் பக்கம் திரும்பியது.

“டயரு வந்துடுச்சின்னு நீதானே போன் பண்ண? பண்ணிட்டுக் கடையப் பூட்டிக்கினு போவியா?”

“தொறந்திருக்கணுங்க.”

“எம்புள்ள மழையில நின்னு பாத்துட்டுப் போயிருக்கான்யா.”

“தப்பு என் மேலதாங்க” என்றார் தேவசகாயம். தலையைக் குனிந்துகொண்டார்.

காலையில் நான் அவர் கடை வாசலில் நின்று வீசிய பழியை, இப்போது அவரே எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார். எனக்கு அவர் காலில் விழ வேண்டும் போலிருந்தது. அப்பா எதிரில் அதுவும் முடியாது.

அப்பா சந்தனம் வைத்த டயரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு எழுந்து குழாயடிக்குப் போய்க் கை கால் கழுவினார்.

“பிரியா, இவருக்கு ஒரு இலை போடும்மா. அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துகீறாரு.” உள்ளே வந்து கூடத்தில் தன் இடத்தில் உட்கார்ந்தார். “எனக்கும் போடு.”

இரண்டு இலை போட்டேன். சோறு வைக்கும்போது தேவசகாயத்தின் இலைக்கு வெளியே கொஞ்சம் சிந்தியது. அவர் ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கி இலைக்குள் போட்டுக்கொண்டார். நிமிரவே இல்லை. அப்பா குழம்பைப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தார். மென்றார். விழுங்கினார்.

பாதிச் சாப்பாட்டில் அப்பா அவர் பக்கம் திரும்பினார். கோபம் போயிருந்தது.

“இனிமே ஞாயித்துக்கிழமையில கடையத் தொறந்து வையிய்யா. யாரு பெத்த புள்ளயாவது வரும்.”

“தொறந்து வைக்கிறேங்க” என்றார் தேவசகாயம்.